யாருடைய பெயர் நினைவுக்கு வருகிறது? நரம்பறிவியலில் பன்மைத்துவ வலையமைப்புகள் செய்யும் வேலை

அமெரிக்காவில் 2025 ஜனவரி 20, 21 ஆகிய இரு நாட்களில் வெளியான அதிபர் ஆணைகள், அரசுப் பணத்தில் நடக்கும் பன்மைத்துவத் திட்டங்களை நிறுத்தச் சொல்லின. அதையடுத்து அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்., இளம் ஆய்வாளர்களுக்கான பல நல்கைகளை, அதாவது ஆய்வுக்கான நிதியுதவிகளை, பாதியிலேயே நிறுத்தியது. மூளை ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கென்று நடந்த திட்டங்களும் அதில் அடக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நல்கைகளை நிறுத்தியதைத் தற்காலிகமாக அனுமதித்தது.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. மூளை எல்லோருக்கும் மூளைதானே, அதை ஆராய்பவர் யாராக இருந்தால் என்ன? இரண்டாவது, பன்மைத்துவத்துக்காக நரம்பறிவியலாளர்கள் அமைத்துள்ள வலையமைப்புகள் உறுதிமொழி எடுப்பதைத் தாண்டி என்ன செய்கின்றன? இரண்டுக்கும் பதில் உண்டு. அது பெரும்பாலும் சின்னச் சின்ன நடைமுறைகளில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

நரம்பறிவியல் என்பது மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் துறை. நோயாளிக்கு வைத்தியம் பார்க்கும் நரம்பியல் மருத்துவம் அதற்கு அண்டை வீடு. உயிரியல், உளவியல், இயற்பியல், கணினி என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேரும் துறை இது.

பன்மைத்துவம் என்றால் யார் யார் இருக்கிறார்கள் என்பது. தலையை எண்ணினால் தெரிந்துவிடும். உள்ளடக்கம் என்றால், உள்ளே வந்தவருக்கு மேடையும் பணமும் முடிவெடுக்கும் இடமும் கிடைக்கின்றனவா என்பது. அமெரிக்காவில் நரம்பறிவியல் முனைவர் பட்ட மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறார்கள். பன்மைத்துவம் வந்தும் உள்ளடக்கம் வராத நிலைக்கு இது நேரடி எடுத்துக்காட்டு.

வலையமைப்பு என்று இங்கே சொல்வது ஆய்வாளர்களே கூடி அமைத்த தொழில்முறை அமைப்புகளை. பெரிய சங்கங்கள் பழையவை: சர்வதேச மூளை ஆய்வு அமைப்பான இப்ரோ 1961இலும், அமெரிக்காவின் நரம்பறிவியல் சங்கம் 1969இலும் தொடங்கின. அந்தச் சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக பெர்னிஸ் கிராஃப்ஸ்டைன் வந்தது 1985இல். பெரிய சங்கங்களின் ஓரத்தில்தான் சிறிய வலையமைப்புகள் முளைத்தன. 1980இல் 'நரம்பறிவியலில் பெண்கள்' குழு வந்தது. 2018இல் பெர்லினில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில், மூளை ஆய்வில் பன்மைத்துவத்துக்கான 'அல்பா' தொடங்கியது. 2020 ஜூலையில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவியாக இருந்த ஏஞ்சலின் டியூக்ஸ் போட்ட ஒரு ட்விட்டர் பதிவிலிருந்து, கறுப்பின நரம்பறிவியலாளர்களை இணைக்கும் 'பிளாக் இன் நியூரோ' பிறந்தது.

பெயர்கள் எங்கே உதிர்கின்றன?

ஒரு மாநாட்டு அமர்வுக்கு நான்கு பேச்சாளர்கள் வேண்டும். அமைப்பாளர் ஒரு மாலையில் உட்கார்ந்து பெயர்களை எழுதுகிறார். முதலில் வருவது சமீபத்தில் கேட்ட பேச்சு, பழைய ஆய்வகத் தோழர், போன மாநாட்டில் இரவு உணவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். பத்து நிமிடத்தில் நான்கும் நிரம்பிவிடும்.

இந்த அமைப்பாளருக்கு யார் மீதும் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அழைக்கப்பட்டவர் பேசுகிறார், பேசியவர் நினைவில் நிற்கிறார், நினைவில் நின்றவர் அடுத்த முறையும் அழைக்கப்படுகிறார். அந்தப் பேச்சு அவருடைய தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாகி, நல்கை விண்ணப்பத்தில் எடை கூட்டுகிறது. கட்டுரைக்கு மேற்கோள் சேர்ப்பது, விருதுக்குப் பரிந்துரைப்பது, காலியாகும் பணியிடத்தைக் காதோடு சொல்வது, ஆய்வுக் கட்டுரையை மதிப்பிட ஆள் தேடுவது என எல்லா இடத்திலும் இதே கதை. எழுதப்பட்ட விதி இல்லாமல், நினைவை நம்பி முடிவெடுக்கும் இடங்களில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள். பயனுள்ள வலையமைப்பு இந்த இடங்களைத் தேடிப் பிடித்து, நினைவு இருந்த இடத்தில் ஒரு பட்டியலையோ எண்ணிக்கையையோ வைக்கிறது. இதைச் செய்யாத வலையமைப்பு எத்தனை கூட்டம் போட்டாலும் ஒன்றும் அசையாது.

ஆய்வுக்கே என்ன நட்டம்?

மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

1. தலைமுடி. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. முறையில் மின்முனைகள் உச்சந்தலைத் தோலைத் தொட வேண்டும். அடர்ந்து சுருண்ட முடியில் மின்முனைகள் பொருத்திய தொப்பி மேலே எழும்பிவிடும். மின்தடை கூடி, இரைச்சல் ஏறி, பதிவு கெடும். கெட்ட பதிவு ஆய்விலிருந்து நீக்கப்படும். அப்படிக் கறுப்பின மக்களின் தரவு, யாரும் திட்டமிடாமலே, விடுபட்டுப்போகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அர்னெல் எட்டியன் என்ற கறுப்பின மாணவி, தலையை ஒட்டிப் பின்னிய சடைகளுக்கு நடுவே பொருந்தும் கவ்வி மின்முனையை உருவாக்கினார். 2020இல் அது வெளியானது. பெயர் 'செவோ', ஹெய்ட்டி கிரியோல் மொழியில் மூளை என்று பொருள். பல பத்தாண்டுகளாக எல்லா ஆய்வகங்களிலும் கண்முன்னே இருந்த பிரச்சினை. தன் தலையில் அதை உணர்ந்தவர் ஆய்வகத்துக்குள் வந்த பிறகே அதற்கொரு கவ்வி கிடைத்தது.

2. ஆண் எலி. 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளை அலசி 2011இல் வந்த கணக்கின்படி, நரம்பறிவியலில் ஆண் விலங்கு மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள், பெண் விலங்கு மட்டும் வைத்தவற்றைப்போல 5.5 மடங்கு. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கொரு முறை வரும் ஹார்மோன் சுழற்சி தரவைக் கலைக்கும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 2014இல் 293 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண் எலிகளின் தரவு ஆண் எலிகளுடையதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கவில்லை என்று தெரிந்தது. 2016இல்தான் என்.ஐ.எச். நல்கைக்கு விண்ணப்பிப்பவர்கள் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

3. தூக்க மாத்திரை. 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோல்பிடெம், பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது. மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் இரத்தத்தில் மருந்து மிச்சமிருக்கும். பெண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013இல். 21 ஆண்டுகள்.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் யேல் நிவ் முன்னின்று தொடங்கிய 'பயஸ்வாட்ச்நியூரோ' செய்வது ஒரே வேலை: மாநாட்டுப் பேச்சாளர் பட்டியலை எடுத்து, அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்தத் துணைத்துறையில் பெண்கள் எத்தனை விழுக்காடு என்பதன் பக்கத்தில் வைத்து வெளியிடுவது. இந்த இரண்டாவது எண்ணுக்கு அடிப்படை விகிதம் என்று பெயர். இந்தியாவில் 2020இல் தொடங்கிய 'பயஸ்வாட்ச்இந்தியா' இதே முறையை எல்லா அறிவியல் துறைகளுக்கும் எடுத்துக்கொண்டது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்ருதி முரளிதர் நரம்பறிவியலாளர்.

அடிப்படை விகிதம் இல்லாமல் எண்ணுவது பயனற்றது. ஒரு துறையில் பெண்கள் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பாகுபாடு எதுவுமின்றிக் குலுக்கல் முறையில் எட்டுப் பேரைத் தேர்ந்தால், ஒரு பெண்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.7ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 5.8 விழுக்காடு. அரிதுதான், ஆனாலும் நடக்கக்கூடியது. அதனால் ஒரேயொரு எட்டுப் பேர் மேடையைக் காட்டிக் குற்றம் சாட்டினால் வாதம் நிற்காது. இருபது பேரிலும் ஒருவர் இல்லையென்றால் வாய்ப்பு 0.08 விழுக்காடு. ஆண்டுதோறும் எட்டுப் பேரைப் புதிதாகத் தேரும் மேடையில் மூன்று ஆண்டு தொடர்ந்து ஒரு பெண்கூட இல்லையென்றால், பத்தாயிரத்தில் இரண்டு. அங்கே தற்செயல் என்ற பதில் செல்லாது.

அடிப்படை விகிதத்தைக் கணக்கிடுவதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முனைவர் மாணவர்களின் விகிதத்தை எடுத்துக்கொண்டு மூத்த பேராசிரியர் மேடையோடு ஒப்பிடுவது ஒன்று. இதில் பாகுபாடு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முந்தைய மாநாடுகளில் பேசியவர்களையே அடிப்படையாக வைப்பது இன்னொன்று. இதில் பழைய சாய்வே அளவுகோலாகிவிடும். நடப்பு நல்கை பெற்றவர் பட்டியல், கடந்த மூன்று ஆண்டு ஆய்வுச் சுருக்கங்கள் போன்ற பொதுத் தரவிலிருந்து, அதே துணைத்துறை, அதே பணிநிலை என்று வடிகட்டி எடுப்பதே சரி.

பட்டியல்கள், அழைப்புகள்

"பெண்களைத் தேடினோம், கிடைக்கவில்லை" என்ற பதிலுக்கு மாற்றாகப் பெயர்ப் பட்டியல்கள் வந்தன. நரம்பறிவியலாளர் ஆன் சர்ச்லேண்ட் பராமரிக்கும் 'ஆன்ஸ் லிஸ்ட்', கணிதமும் கணினியும் கொண்டு மூளையை ஆராயும் கணிப்பு நரம்பறிவியல் போன்ற பிரிவுகளில் வேலை செய்யும் பெண்களைப் பணிநிலையோடு பட்டியலிடுகிறது. பிளாக் இன் நியூரோவும் தன் உறுப்பினர் பட்டியலை இப்படித் தேடத் தருகிறது.

பட்டியலும் தவறாகப் பயன்படும். எல்லா அமைப்பாளர்களும் முதல் ஐந்து பெயரையே அழைப்பார்கள், அந்த ஐவருக்கும் ஆண்டுக்கு ஐம்பது அழைப்பு, நாற்பதை மறுப்பார்கள், "பெண்கள் வர மறுக்கிறார்கள்" என்ற பேச்சு கிளம்பும். இதைத் தவிர்க்க அமைப்பாளர் செய்யக்கூடியவை:

1. பன்னிரண்டு மாதம் முன்பே தொடங்குவது. கடைசி நேர அழைப்பை ஏற்க முடியாதவர்கள் பெரும்பாலும் குழந்தையோ முதியவரோ பார்த்துக்கொள்பவர்கள், விசா தேவைப்படுபவர்கள்.
2. நான்கு இடத்துக்குப் பன்னிரண்டு பெயர் சேர்த்த பிறகே முதல் கடிதத்தை அனுப்புவது. ஒருவர் மறுத்தால் அடுத்த பெயரும் அதே பட்டியலிலிருந்து வரும். மறுபடி நினைவுக்குப் போக வேண்டாம்.
3. குறைந்தது ஓர் இடத்தை ஆய்வகம் தொடங்கி ஐந்தாண்டு ஆகாதவருக்கு ஒதுக்குவது. மூத்த பணிநிலைகளைவிட அங்கே ஆட்கள் பலவிதம்.
4. மறுத்தவரிடம் அவருக்குப் பதிலாக யார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் பட்டியலில் எழுதுவது.
5. விசாவுக்கான அழைப்புக் கடிதம் ஆறு மாதம் முன்பே.

மேற்கோள்களும் பெயர்களும்

எளிதில் கண்ணில் படாத மேடை மேற்கோள் பட்டியல். 2020இல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஐந்து முக்கிய இதழ்களில் 1995 முதல் 2018 வரை வெளியான கட்டுரைகளை எடுத்து, முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் ஆகியோரின் பாலினப்படி பிரித்தது. மூளை ஆய்வில் முதல் ஆசிரியர் வேலையைச் செய்தவர். கடைசியில் வருபவர் ஆய்வகத் தலைவர். 2009 முதல் 2018 வரையிலான மேற்கோள்களில் 61.7 விழுக்காடு இரு முனையிலும் ஆண்கள் உள்ள கட்டுரைகளுக்குப் போயிருந்தது. மேற்கோள் காட்டக் கிடைத்த கட்டுரைகளில் அத்தகையவை 55.3 விழுக்காடுதான். இரு முனையிலும் பெண்கள் உள்ளவற்றுக்குக் கிடைத்தது 5.8, கட்டுரைகளில் அவற்றின் பங்கு 8.3. அதாவது 30 விழுக்காடு குறைவு.

வெளியான ஆண்டு, இதழ், ஆசிரியரின் மூப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு எஞ்சியது. இந்தச் சாய்வின் பெரும்பகுதி ஆண்கள் எழுதும் கட்டுரைகளிலிருந்தே வந்தது. துறையில் பெண்கள் கூடக்கூட அது வளர்ந்தும் வந்தது.

இதன் பிறகு, கட்டுரையை அனுப்புமுன் மேற்கோள் பட்டியலைச் சோதித்து, பாலின விகிதத்தைக் கட்டுரை இறுதியில் குறிப்பிடும் வழக்கம் சில ஆய்வகங்களில் வந்தது. அதற்கு இலவச மென்பொருளும் உண்டு. நல்ல வழக்கம்தான், ஆனால் மென்பொருள் பாலினத்தை முதற்பெயரிலிருந்து ஊகிக்கிறது. தமிழ்ப் பெயர்கள் இங்கே தடுக்கி விழுகின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கத்தில் சொந்தப் பெயர்தான் கடைசியில் நிற்கும். இதழ்களின் தரவுத்தளம் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். முதலெழுத்தை விரித்து எழுதினால், தந்தையின் பெயர் முதற்பெயராகி, கவிதா ஆணாகக் கணக்கில் ஏறுவார். ஒரு கட்டுரையில் 'கவிதா எம்.', இன்னொன்றில் 'முருகன் கவிதா' என்றிருந்தால் மேற்கோள்களும் இரண்டு பேருக்காகப் பிரிந்துபோகும். மாணவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண்ணை வாங்கிவிடுவது நல்லது. அந்த எண் மேற்கோள்கள் பிரிவதைத் தடுக்கும், ஆனால் பாலின ஊகத்தைத் திருத்தாது. ஆணும் பெண்ணும் அல்லாதவர்களை இந்த முறை பார்ப்பதேயில்லை. சாதி, நிறம், நாடு போன்றவற்றுக்குப் பெயரை வைத்து ஊகிப்பது இதைவிடவும் நம்பத்தகாதது.

பணம், விசா, நேரம்

பட்டியலும் எண்ணிக்கையும் செலவில்லாதவை. செலவு பயணத்தில் வருகிறது. பயண உதவித்தொகை பலவும் "செலவழித்துவிட்டு ரசீது அனுப்புங்கள்" என்ற வகை. கம்பாலாவிலோ மதுரையிலோ இருக்கும் மாணவருக்கு விமானச் சீட்டு, விசாக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாயைக் கையிலிருந்து போட்டு மூன்று மாதம் காத்திருக்க முடியாது. உதவித்தொகை கிடைத்தும் வராதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அமைப்பே சீட்டையும் விடுதியையும் நேரடியாக எடுத்துத் தந்தால், அதே தொகையில், இந்தச் சிக்கல் தீரும்.

ஆப்பிரிக்காவில் 2010 முதல் இயங்கும் 'ட்ரெண்ட்' அமைப்பு வேறு வழியைப் பிடித்தது: மாணவரை வெளியே கொண்டுபோகாமல் ஆய்வகத்தை உள்ளே கொண்டுவருவது. பழ ஈக்களை வைத்து உகாண்டாவில் நரம்பறிவியல் வகுப்பு நடத்தினார்கள். ஈ வளர்க்கச் செலவு குறைவு, மரபியல் கருவிகளோ ஏராளம். இத்தகைய வேலையில் வழக்கமாகச் சறுக்குவது நன்கொடைக் கருவிகள். கப்பலில் வந்த நுண்ணோக்கி சுங்கத்தில் கிடக்கும். வெளியே வந்தாலும் பல்பு போனால் மாற்ற ஆளிருக்காது. முப்பரிமாண அச்சில் உள்ளூரிலேயே செய்துகொள்ளும் கருவிகளை ட்ரெண்ட் குழுவினர் முன்தள்ளியதற்கு இதுதான் காரணம்.

கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், 'நியூரோமேட்ச் அகாடமி' 1,700க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மூன்று வாரக் கணிப்பு நரம்பறிவியல் வகுப்பை ஆன்லைனில் நடத்தியது. நேர மண்டலத்தையும் ஆர்வத்தையும் பார்த்துச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உதவி ஆசிரியர். ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் குழுக்கள். வசிக்கும் நாட்டின் வருமானத்துக்கேற்பக் கட்டணம். ஈரான் மாணவர்களைச் சேர்க்க அமெரிக்கப் பொருளாதாரத் தடை குறுக்கே நின்றது. அமைப்பாளர்கள் அமெரிக்க அரசிடம் தனி உரிமம் வாங்கி அவர்களையும் உட்கார வைத்தார்கள். உள்ளடக்கம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேடினாலும் கிடைக்காது.

வலையமைப்புகள் தவறும் இடங்கள்

வேலைச்சுமைதான் முதல் பிரச்சினை. ஒரு துறையில் இருக்கும் ஒரே தலித் பேராசிரியர், ஒரே கறுப்பினப் பேராசிரியர், ஒரே பெண் என்று யாரோ ஒருவர் எல்லாக் குழுவிலும் உட்கார வைக்கப்படுகிறார். பதவி உயர்வுக் கணக்கில் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு, இந்த மணிநேரத்துக்கு இல்லை. வலையமைப்புப் பணியைப் பணிச்சுமைக் கணக்கில் எழுதி, அதற்கு ஈடாக ஒரு பாடத்தையாவது குறைக்காத நிறுவனம், உதவி செய்பவரையே தண்டிக்கிறது.

அடுத்தது, வழிகாட்டலோடு நிற்பது. வழிகாட்டி ஆலோசனை சொல்வார். பரிந்துரைப்பவர், அந்த இளையவர் இல்லாத அறையில் அவர் பெயரைச் சொல்வார். பல திட்டங்கள் முதலாவதை மட்டும் தருகின்றன. மாணவர் நன்றாகத் தயாராகிறார், கதவு மூடியே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட 'பிரெய்ன்ஸ்' திட்டம் போன்றவை, ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒருவரோடொருவர் இணைத்ததோடு நிற்காமல், பணி நிலைக்கும் தலைமைக்கும் தேவையான திறன்களையும் சேர்த்தே கற்பித்தன.

2025க்குப் பின் எது மிஞ்சுகிறது?

எண்ணிக்கை, பட்டியல், அழைப்பு விதி எல்லாம் தன்னார்வலர் உழைப்பில் நடப்பவை. எந்த ஆணையும் அவற்றை நிறுத்தாது. அல்பா போன்ற ஐரோப்பிய அமைப்புகளுக்கு அமெரிக்க அரசுப் பணம் ஆதாரமுமில்லை.

போனது நீண்டகாலச் சம்பளம். நரம்பறிவியலில் பன்மைத்துவத்துக்காக நடந்த 'டி-ஸ்பான்' என்ற என்.ஐ.எச். திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்தின் கடைசி இரண்டு ஆண்டுவரை, அதன் பின் போஸ்ட்டாக் எனப்படும், பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில் நான்கு ஆண்டுவரை, ஆக ஆறு ஆண்டு வரை ஒரே நல்கை. பட்டம் முடிந்து அடுத்த ஆய்வகம் தேடும் மாதங்களில்தான் ஆட்கள் அதிகம் விலகுகிறார்கள். அந்தப் பள்ளத்துக்கு மேல் போட்ட பாலம் அது. தன் சம்பளத்தைத் தானே கொண்டுவரும் மாணவரை எந்த ஆய்வகத் தலைவரும் மகிழ்ச்சியாக எடுப்பார். அதில்லாதபோது யாரை எடுப்பது என்ற முடிவு மறுபடியும் தெரிந்தவர், சொன்னவர் என்று நினைவுக்குத் திரும்புகிறது.

இங்கே வலையமைப்பால் ஆகக்கூடியது குறைவு, ஆனால் குறிப்பானது: சொந்த நல்கையில் இடம் வைத்திருக்கும் ஆய்வகத் தலைவர்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது, நல்கை போன மாணவரின் பெயரை அந்த வாரமே அவர்களிடம் எடுத்துச் செல்வது, பல்கலைக்கழகத்திடம் மூன்று முதல் ஆறு மாத இடைக்காலச் சம்பளம் கேட்கும் கடிதத்தில் மூத்தவர்களின் கையெழுத்தைச் சேர்ப்பது. வெளிநாட்டு மாணவராக இருந்தால் சம்பளம் நிற்கும் நாளோடு விசாவும் சேர்ந்தே முடியலாம் என்பதால், முதலில் எடுக்க வேண்டியது அவருடைய கோப்பை.